8 ஜிபி போட்டால் 7.37 காட்டுவது ஏன்? ரேம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது லேப்டாப் வாங்கிய மறுநாளோ, பழைய மெஷினுக்கு ரேம் கூட்டிய அன்று சாயந்திரமோ எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். ‘இன்ஸ்டால்டு ரேம் 8.00 ஜிபி’ என்று இருக்கும், பக்கத்திலேயே ‘7.37 ஜிபி யூசபிள்’ என்றும் இருக்கும். அந்த இரண்டாவது எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலைக்கு வந்த பிறகு இந்தக் கேள்வி இல்லாமல் ஒரு வாரம் போனதாக நினைவில்லை. தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணா, 8 ஜிபின்னு காசு வாங்கிட்டு 7.37 தான் குடுத்திருக்காங்க. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

இல்லை. அந்த வரியில் முதலில் இருக்கும் 8.00-ஐப் பாருங்கள். மெஷினுக்குள் இருக்கும் ரேம் அதுதான், முழுசாக வந்திருக்கிறது. 7.37 என்பது அதில் விண்டோஸின் கைக்கு வந்து சேர்ந்த அளவு. இடையில் இருக்கும் 0.63 ஜிபி, அதாவது சுமார் 645 எம்பி, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே ஒதுக்கப்பட்டுவிட்டது.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது விண்டோஸ் இல்லை, மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற சின்னப் புரோகிராம். எந்த ஸ்லாட்டில் எவ்வளவு ரேம் இருக்கிறது என்று பார்ப்பது அதன் வேலை. கிராஃபிக்ஸுக்கு ஒரு பங்கு, தன் சொந்த வேலைக்குக் கொஞ்சம் என்று எடுத்துவைத்த பிறகு, ‘இங்கிருந்து இதுவரை உனக்கு, இந்தப் பகுதியைத் தொடக்கூடாது’ என்று ஒரு வரைபடத்தை விண்டோஸிடம் கொடுக்கும். விண்டோஸ் அதை வைத்துத்தான் கணக்குச் சொல்கிறது. இந்த விஷயம் தெரியாமல் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு. அவர் பாவம், சரியான பொருளைத்தான் கொடுத்திருக்கிறார்.

1024-க்கும் 1000-க்கும் இருக்கிற வித்தியாசம்னு சொல்றாங்களே, அதுதானே இது?

அது ஹார்டு டிஸ்க் விஷயம். டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணுகிறது. அதனால்தான் 500 ஜிபி டிஸ்க் 465 என்றும், 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றும் தெரிகிறது. ரேமில் அந்தச் சிக்கலே கிடையாது. ரேமைச் செய்பவரும் 1024-ஆகத்தான் எண்ணுகிறார். 8 ஜிபி ஸ்டிக்கில் சரியாக 8192 எம்பி இருக்கும்.

இந்தத் தவறான பதில் இவ்வளவு பரவியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டிஸ்க் கணக்கை 8 ஜிபிக்குப் போட்டால் 7.45 வரும். பல லேப்டாப்களில் தெரியும் எண்ணும் அதற்குப் பக்கத்தில் இருப்பதால் ‘கணக்கு சரியாகிவிட்டது’ என்று தோன்றிவிடுகிறது. இரண்டும் பக்கத்தில் வந்தது தற்செயல். அந்தக் கணக்கு உண்மையானால் ‘இன்ஸ்டால்டு’ என்ற இடத்தில் 8.00 என்றே வந்திருக்காது.

சரி, அந்த மீதி எங்க போச்சுன்னு நானே பார்க்க முடியுமா?

முடியும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ‘பெர்ஃபாமன்ஸ்’, அதில் ‘மெமரி’. கீழே சின்ன எழுத்தில் ‘ஹார்ட்வேர் ரிசர்வ்ட்’ என்று ஒரு எண் இருக்கும். முதல் கேள்வியில் சொன்ன 645 எம்பி அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கும். அதன் பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது என்பதும் தெரியும். அதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

என் அனுபவத்தில் அந்த எண் 100 முதல் 300 எம்பிக்குள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். 500 எம்பியிலிருந்து 2 ஜிபி வரை என்றால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் எடுத்தது. போட்ட ரேமில் பாதியே அங்கே போயிருந்தால் எங்கோ கோளாறு, அதைத் தேடித்தான் ஆக வேண்டும்.

ஃபிரெண்டு லேப்டாப்ல 8-க்கு 7.8 காட்டுது, எனக்கு மட்டும் 5.9. ரெண்டும் ஒரே விலை சார், ஏன்?

நண்பருடையது இன்டெல், உங்களுடையது ஏஎம்டி ரைசன் என்று நினைக்கிறேன். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்களில், திரையில் படம் வரைய வேண்டிய மெமரியும் அதே ரேமிலிருந்துதான் வந்தாக வேண்டும். இன்டெல் வழக்கமாகத் தொடக்கத்தில் சின்னதாக ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை வேலை வரும்போது கேட்டு வாங்கிக்கொள்ளும். ரைசன் லேப்டாப்களில் 512 எம்பி, சிலவற்றில் 2 ஜிபி வரை முன்கூட்டியே மொத்தமாக ஒதுக்கிவிடுகிறார்கள். உங்கள் 8192-ல் 2048 போனால் 6144. பயாஸ் தனக்காக எடுக்கும் கொஞ்சமும் கழிந்தால் 5.9 வந்துவிடும்.

அந்த 2 ஜிபி வீணாகப் போகவில்லை, கிராஃபிக்ஸுக்கு அது சொந்த மெமரி. ஆனால் பிரவுசர், ஆபிஸ், ஜூம் என்று மட்டும் பயன்படுத்துபவருக்கு 8 ஜிபி மெஷினில் 2 ஜிபியைக் கிராஃபிக்ஸுக்குக் கட்டிவைப்பது அதிகம் என்பது என் அபிப்பிராயம். இதை விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எத்தனையோ பேரின் கவலை மிச்சமாகும்.

அப்போ பயாஸ்ல போய் அதைக் குறைச்சிடலாமா?

பயாஸில் அந்த வசதி இருந்தால் குறைக்கலாம். ‘யுஎம்ஏ ஃபிரேம் பஃபர் சைஸ்’ என்ற பெயரில் இருக்கும், இன்டெல் போர்டுகளில் ‘டிவிஎம்டி’ என்று தொடங்கும். டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் அநேகமாகக் கிடைக்கும். லேப்டாப்களில் பல கம்பெனிகள் அந்த மெனுவையே மறைத்துவிடுகின்றன. அப்படி இருந்தால் விட்டுவிடுங்கள். மறைத்ததைத் திறக்கிறேன் என்று யாரோ மாற்றிய பயாஸ் ஃபைலை ஏற்றிவிட்டு, ஆன் ஆகாத மெஷினோடு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

8 ஜிபி மெஷின், கேம் ஆடுவதில்லை என்றால் 512 எம்பி போதும். 16 ஜிபி இருந்தால் இருப்பதை அப்படியே விடுங்கள். கேம் ஆடுபவர்கள் குறைக்க வேண்டாம், சில கேம்கள் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கவே செய்யும்.

டாஸ்க் மேனேஜர்ல ‘ஷேர்டு ஜிபியூ மெமரி 3.7 ஜிபி’ன்னு வேற போட்டிருக்கு. அதுவும் போச்சா?

போகவில்லை. அது உச்சவரம்பு. தேவைப்பட்டால் கிராஃபிக்ஸ் இவ்வளவு வரைக்கும் கேட்கலாம் என்று விண்டோஸ் விதித்திருக்கிறது, வழக்கமாக ரேமில் பாதி. கேட்காதவரை அந்த இடம் முழுக்க உங்கள் புரோகிராம்களுக்குத்தான்.

ஒண்ணுமே திறக்கல, ஆன் பண்ணின உடனே 3 ஜிபி ஓடிட்டு இருக்கு. இதுவும் ஹார்ட்வேர் ரிசர்வ்டா?

இது வேறு. ரிசர்வ் ஆனது விண்டோஸுக்கு வரவே இல்லை. இந்த 3 ஜிபி விண்டோஸுக்கு வந்து, அது தன் வேலைக்கும், பின்னணியில் ஓடும் ஆன்டிவைரஸ், அப்டேட் போன்றவற்றுக்கும் கொடுத்தது. இதை ‘ஸ்டார்ட்அப்’ பட்டியலில் வேண்டாததை நிறுத்திக் கொஞ்சம் குறைக்கலாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். ‘கேஷ்டு’ என்று ஒரு பெரிய எண் இருக்கும். காலியாகக் கிடக்கும் ரேமில், திரும்பத் தேவைப்படலாம் என்று ஃபைல்களை வைத்திருப்பது அது. புரோகிராம் இடம் கேட்ட அந்த நொடியே காலி செய்து கொடுத்துவிடும். இதைத் துடைக்க ‘ரேம் கிளீனர்’ எதுவும் வேண்டாம். துடைத்தால் அதே ஃபைலை மறுபடியும் டிஸ்கிலிருந்து படிக்க வேண்டிவரும், மெஷின் இன்னும் மெதுவாகும்.

பழைய டெஸ்க்டாப்ல 2 ஜிபிக்கு 4 ஜிபியா மாத்தினேன். 3.25 தான் காட்டுது. முக்கால் ஜிபி எங்க?

விண்டோஸ் 32 பிட்டா என்று முதலில் பாருங்கள். 4 ஜிபி போட்டு 3.25 என்றால் பெரும்பாலும் அதுதான். ரேமில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவு எண் உண்டு. 32 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 4,294,967,296, அதாவது சுமார் 429 கோடி. அதுதான் 4 ஜிபி. அந்தத் தெருவில் அதற்கு மேல் ஒரு கதவு எண் கிடையாது.

ரேம் மட்டும் அந்தத் தெருவில் குடியிருந்தால் சரியாகப் பொருந்தியிருக்கும். ஆனால் கிராஃபிக்ஸ், நெட்வொர்க், யுஎஸ்பி, பயாஸ் சிப் எல்லாவற்றுக்கும் பிராசஸர் கதவு எண் கொடுத்தே பேசுகிறது. அவற்றுக்கான எண்கள் 4 ஜிபி எல்லைக்குச் சற்றுக் கீழே, தெருவின் கோடியில் ஒதுக்கப்படுகின்றன. அந்த எண்கள் அவற்றுக்குப் போன பிறகு, அதே இடத்தில் இருக்கும் ரேமைக் கூப்பிட எண் இல்லை. சிப் இருக்கிறது, மின்சாரம் போகிறது, ஆனால் யாராலும் கதவைத் தட்ட முடியாது. முந்தைய கேள்விகளில் இடத்தை வேறொருவர் பயன்படுத்தினார். இங்கே யாருமே பயன்படுத்தவில்லை, அதுதான் வருத்தம்.

இது புதுக் கதையும் இல்லை. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 பிராசஸரால் 1 எம்பி வரைதான் எண்ண முடிந்தது. அதில் மேலே இருந்த 384 கேபியைத் திரைக்கும் பயாஸுக்கும் ஒதுக்கியதால் புரோகிராம்களுக்குக் கிடைத்தது 640 கேபி. ‘640 கே’ என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான்.

2 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு போட்டா 4-லிருந்து 2 போயிடும்னு பயமுறுத்தறாங்க. நிஜமா?

அவ்வளவு போகாது. கார்டில் 2 ஜிபி இருந்தாலும், பிராசஸர் அதற்குள் எட்டிப் பார்க்கும் ஜன்னல் பொதுவாக 256 எம்பிதான். அந்த ஜன்னலுக்குத்தான் கதவு எண்கள் செலவாகும். அதனால் 3.25 கொஞ்சம் இறங்கலாம், 2-க்கு வராது. 64 பிட் விண்டோஸில் இந்தக் கவலையே வேண்டாம்.

அப்ப 64 பிட் போட்டுட்டா சரியாயிடுமா? டேட்டா போகாம மாத்த முடியுமா?

செட்டிங்ஸில் ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியைப் படியுங்கள். ‘32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசஸர்’ என்று இருந்தால் பிராசஸர் தயாராக இருக்கிறது, விண்டோஸ்தான் சின்னது. மாற்றலாம். 32-ன் மேலேயே 64-ஐ அப்கிரேடு செய்ய வழி கிடையாது. டேட்டாவை வெளியே எடுத்துவைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். பழைய பிரிண்டர், ஸ்கேனர் இருந்தால் 64 பிட் டிரைவர் (அவற்றை விண்டோஸோடு பேச வைக்கும் புரோகிராம்) கிடைக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது.

32 பிட்லயே 4 ஜிபிக்கு மேல பயன்படுத்த ஒரு பேட்ச் இருக்காமே?

இருக்கிறது, போடாதீர்கள். அது எதை வைத்து வேலை செய்கிறது என்பது மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். 1995-ல் வந்த இன்டெல் பென்டியம் புரோவிலேயே பிஏஇ என்ற வசதி வந்துவிட்டது. 32 பிட்டுக்குப் பதில் 36 பிட் எண், அதாவது 64 ஜிபி வரை. 32 பிட் லினக்ஸ் இதைப் பயன்படுத்துகிறது, 32 பிட் சர்வர் விண்டோஸ்களில் சிலவும் பயன்படுத்தின. அதனால் ‘32 பிட் என்றால் 4 ஜிபிதான்’ என்பது முழு உண்மை இல்லை.

வீட்டு விண்டோஸில் மட்டும் மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே 4 ஜிபியில் நிறுத்தியது. அன்றைய டிரைவர்கள் பல, 4 ஜிபிக்கு மேல் கதவு எண் வரும் என்றே நினைக்காமல் எழுதப்பட்டவை. அப்படி ஒரு எண் வந்ததும் குழம்பி, மெஷினையே நீலத் திரைக்குக் கொண்டுபோயின. அந்தப் பேட்ச் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலையே திருத்தி, அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடுகிறது. சம்பளப் பட்டியலும் பிள்ளைகளின் போட்டோவும் இருக்கும் மெஷினில் அந்தச் சோதனை வேண்டாம்.

நான் 64 பிட்தான் போட்டிருக்கேன். அப்பவும் 4-க்கு 3.2. உங்க கணக்கு தப்பா?

மேலே சொன்ன தெரு பிராசஸரிலும் விண்டோஸிலும் நீண்டால் மட்டும் போதாது, மதர்போர்டிலும் நீள வேண்டும். மாட்டிக்கொண்ட ரேமை 4 ஜிபிக்கு மேல் இருக்கும் எண்களுக்குத் தள்ளிவைக்கும் வேலை அதனுடையது. பயாஸில் ‘மெமரி ரீமேப்’ என்று இருந்தால் அதை ஆன் செய்யுங்கள், பெரும்பாலும் முழு அளவும் வந்துவிடும்.

பிராசஸரையும் ரேமையும் இணைக்கும் சிப்செட் இன்டெல் 945 ஆக இருக்கும் பழைய மெஷின்கள் வேறு மாதிரி. அந்தச் சிப்பே 32 பிட் எண்களோடு நின்றுவிடும். கோர் 2 டுயோ பிராசஸர், 64 பிட் விண்டோஸ், 4 ஜிபி ரேம் எல்லாம் இருந்தாலும் 3.2-ஐத் தாண்டாது. எந்த செட்டிங்கும் உதவாது. அப்படிப்பட்ட மெஷினுக்கு இன்னும் காசு செலவழிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ரெண்டு 8 ஜிபி ஸ்டிக் போட்டேன், மொத்தமே 8 தான் காட்டுது. ஒண்ணு போலியா?

‘இன்ஸ்டால்டு’ என்ற இடத்திலேயே 8 என்று வந்தால், ஒரு ஸ்டிக்கை மெஷின் பார்க்கவே இல்லை. டாஸ்க் மேனேஜரில் ஸ்லாட் எண்ணிக்கை பார்க்கச் சொன்னேனே, அங்கே இரண்டில் ஒன்று என்றுதான் இருக்கும். போலி என்ற முடிவுக்குப் போகும் முன் தொடர்பைச் சரிபாருங்கள்.

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி இதே புகாரோடு லேப்டாப்பைக் கொண்டுவந்தார். சார்ஜரை எடுத்து, பின்மூடியைக் கழற்றி, பேட்டரி கனெக்டரையும் பிரித்தேன். இரண்டாவது ஸ்டிக் படுத்துத்தான் இருந்தது, ஆனால் அடியில் தங்க நிறப் பற்கள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே தெரிந்தன. பக்கத்தில் இருக்கும் இரண்டு கிளிப்பையும் விரலால் விலக்கினால் ஸ்டிக் தானாகச் சாய்வாக எழும். வெளியே எடுத்து, பற்களைப் பென்சில் ரப்பரால் இருபுறமும் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, சாய்வாகவே பற்கள் மறையும்வரை உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்தினேன். இரண்டு கிளிப்பும் ‘டிக்’ என்று பூட்டின. 16 வந்துவிட்டது. இது சரிவராவிட்டால் ஒரே ஸ்டிக்கை மாற்றி மாற்றி இரண்டு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். கெட்டது ஸ்டிக்கா ஸ்லாட்டா என்பது அப்போது தெரிந்துவிடும்.

எனக்கு ‘16 ஜிபி, 7.9 யூசபிள்’னு வருது. பார்த்துடுச்சு, ஆனா எடுத்துக்கல. இது என்ன விசித்திரம்?

இதற்கும் முந்தைய கேள்விக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு ஸ்டிக்கிலும் ‘நான் இன்னது, இவ்வளவு’ என்று எழுதி வைத்த ஒரு சின்னச் சிப் இருக்கிறது. அதைப் படிக்கும் கம்பிகள் வேறு, டேட்டா போகும் கம்பிகள் வேறு. அதனால் ஸ்டிக்கின் பெயர் வந்துவிடும், டேட்டா கம்பியில் ஒன்று சரியாகத் தொடாமல் இருக்கும். முதலில் மேலே சொன்ன ரப்பர் வைத்தியம் செய்யுங்கள். டெஸ்க்டாப் என்றால் பிராசஸர் சாக்கெட்டில் வளைந்த பின் இருக்கலாம், கூலர் ஒருபக்கமாக இறுக்கப்பட்டிருக்கலாம். ரேமுக்குப் போகும் கம்பிகள் பிராசஸர் வழியாகத்தான் போகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் ஒன்று: விண்டோஸிலேயே இருக்கும் எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவியைத் திறந்து, ‘பூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய் ‘மேக்சிமம் மெமரி’ என்ற கட்டத்தைப் பாருங்கள். டிக் இருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ‘இதை டிக் செய்தால் வேகம் கூடும்’ என்று வீடியோக்களில் சொல்கிறார்கள், தயவுசெய்து நம்பாதீர்கள். ‘இதற்கு மேல் ரேமைத் தொடாதே’ என்று விண்டோஸுக்குக் கட்டளை போடும் கட்டம் அது. 8 ஜிபி இருந்தபோது டிக் செய்து மறந்துவிட்டு, பிறகு 16 ஆக்கினவர்களுக்கு அந்தப் பழைய 8 அப்படியே நிற்கும்.

விண்டோஸ் 7-ல 32 ஜிபி போட்டேன், 16 தான் எடுக்குது.

ஹோம் பிரீமியம் பதிப்பாக இருக்கும். 64 பிட்டிலேயே ஹோம் பேசிக்குக்கு 8 ஜிபி, ஹோம் பிரீமியத்துக்கு 16 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் வரம்பு வைத்திருந்தது. புரொஃபெஷனல், அல்டிமேட் 192 ஜிபி வரை எடுக்கும். விண்டோஸ் 10, 11 ஹோமில் வரம்பு 128 ஜிபி, வீட்டுக்கு அது போதும்.

லினக்ஸ் சுத்தமா இருக்கும்னு மாறினேன். ‘ஃப்ரீ’ கட்டளையிலும் 8-க்கு 7.6 தான் வருது?

கிராஃபிக்ஸும் பயாஸும் எடுப்பது லினக்ஸுக்கும் பொருந்தும். கூடவே கெர்னல் தனக்கு எடுத்ததையும் கழித்துவிட்டுத்தான் ‘டோட்டல்’ சொல்கிறது. ரேமை 4 கேபி பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் 64 பைட்டில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறது கெர்னல். 8 ஜிபியில் 20,97,152 பக்கங்கள் இருக்கின்றன. 64-ஆல் பெருக்கினால் 128 எம்பி. ரேமைக் கணக்கு வைப்பதற்கே அவ்வளவு ரேம் வேண்டியிருக்கிறது. ரேம் கூடக் கூட இதுவும் கூடும்.

‘ஃப்ரீ’ என்ற நெடுவரிசை 300 எம்பி காட்டினால் பயப்பட வேண்டாம். ‘அவைலபிள்’ என்பதைப் பாருங்கள். காரணம் ‘கேஷ்டு’ பற்றி மேலே சொன்னதுதான்.

போன்ல 4 ஜிபி ரேம், ஆப்ல பார்த்தா 3.6. அப்புறம் ‘4+4’ன்னு வேற போட்டிருக்காங்களே?

முதல் பாதிக்குப் பதில் லேப்டாப் கதைதான். போனில் சிக்னலைப் பார்க்கும் மோடம், ஆடியோ போன்றவற்றுக்குத் தனித்தனிச் சின்ன பிராசஸர்கள் இருக்கின்றன. அவற்றுக்கான இடத்தை ஆண்ட்ராய்டு தொடங்கும் முன்பே ஒதுக்கிவிடுகிறார்கள்.

‘+4’ என்பது ரேமே இல்லை. போட்டோ, வீடியோ வைக்கும் ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்துவது. ரேமோடு ஒப்பிட்டால் அது மிக மெதுவானது. 4+4 போனையும் 8 ஜிபி போனையும் ஒன்றாக நினைத்துக் காசு கொடுக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் வாங்குபவர் உண்மையிலேயே ஏமாறுகிறார் என்று நினைக்கிறேன்.

எல்லாம் சரி பண்ணிட்டேன், இன்னும் 150 எம்பி நிக்குது. அதை ஜீரோ ஆக்க வழி இருக்கா?

கிடையாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டு, உள்ளே இருப்பதை அணைத்தாலும் கொஞ்சம் நிற்கத்தான் செய்யும். விண்டோஸ் தொடங்கியதும் பயாஸின் வேலை முடிந்துவிடுவதில்லை. ஸ்லீப்பிலிருந்து எழுப்புவது, பேட்டரி நிலையைச் சொல்வது போன்றவற்றுக்குத் தேவையான புரோகிராம் கோடும் பட்டியல்களும் ரேமில் அந்த மூலையில்தான் இருக்கின்றன. விண்டோஸ் கூட அதன்மேல் எழுத முடியாதபடி பூட்டி வைத்திருப்பார்கள். 8192-ல் 150 என்பது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. அதை அப்படியே விட்டுவிடலாம்.